என் மனைவியின் எல் போர்டு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனைப் பார்த்து எந்தப் புருஷனும் மனசாரச் சிரிப்பதில்லை.

ஓசூர் பாகலூர் ரோட்டில் நான் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பெயர் அந்தோணி. வருகிறவர்களுக்கு வெறும் 'மாஸ்டர்'. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிக்கு மேல் கல்யாணமான பெண்கள். கொண்டுவந்து விடுகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். பைக்கை ஆஃப் பண்ணாமல் நின்று, என் காரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், எனக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் இருக்கிற கியர் கம்பியைப் பார்ப்பார். அப்புறம் உதட்டை மட்டும் இழுத்துச் சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பை நான் வெகு காலம் வேடிக்கை பார்த்தேன். இப்போது எனக்கே அது நன்றாக வருகிறது. பெண்டாட்டி மேல் ஆசையும் இருந்து, அவள் தனியாக எங்காவது கிளம்பினால் வயிறும் எரிகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பின் சீட்டில் நாகராஜ்

அத்திப்பள்ளியிலிருந்து சௌம்யா என்று ஒரு பெண் வந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கூடவே வீட்டுக்காரர் நாகராஜும் வந்தார். வந்தவர் போகவில்லை. "நான் பின்னாடி உட்காந்துக்கறேன் சார், டிஸ்டர்ப் பண்ணமாட்டேன்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏறின நேரத்திலிருந்து டிஸ்டர்ப்தான். வாயைத் திறக்கமாட்டார், மூச்சு மட்டும் விடுவார். லாரி எதிரே வந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. அந்த 'ஸ்ஸ்' கேட்டதும் சௌம்யாவின் கால் கிளட்ச்சிலிருந்து நழுவும், வண்டி குலுங்கி நிற்கும். தினமும் இதே கதை. இந்தப் பெண்ணுக்கு வண்டி வராது என்றே நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் அவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. சௌம்யா மட்டும் வந்தாள். மத்திகிரி வரைக்கும் போய், கூட்டத்தில் புகுந்து, ஒரு தடவைகூட வண்டியை ஆஃப் ஆகவிடாமல் திரும்பினாள். எனக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நாகராஜ் போன் பண்ணி, இன்னிக்கு எப்படி என்று கேட்டார். பிரமாதமாக ஓட்டினாங்க சார், சந்தோஷப்படுங்க என்றேன். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்: "நான் இல்லாமலேயா சார்?"

பயமில்லாத முகம்

கெலமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவர். பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக மனைவி வண்டி ஓட்டினால் தோதாக இருக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பொம்பள மாஸ்டர் இருக்காங்களா?" இல்லைங்க, நான் மட்டும்தான் என்றேன். எதிர்ச் சாரியில் இருக்கிற டிரைவிங் ஸ்கூலை எட்டிப் பார்த்தார். அங்கே மஞ்சுநாத் நின்றுகொண்டிருந்தான். இளவட்டம், கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான சட்டை. விவசாயி திரும்பி என்னைப் பார்த்தார். என் நரைத்த மீசை, பெல்ட்டுக்கு மேலே தள்ளிய தொப்பை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற மனைவியிடம், "இவர்கிட்டயே சேந்துக்கோ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அனுபவத்துக்கு மரியாதை என்று நினைத்தேன். கைகூப்பி, ரொம்ப நன்றிங்க என்றேன். அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, உங்களப் பாத்தா பயமா இல்ல."

ஒரு ஞாயிறு வகுப்பு

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஜெயராணி கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். ராணிக்கு ஊர் மத்தூர். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். அவள் விரலை ஆட்டினால் அந்த லைனில் அத்தனை பெண்களும் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று கேள்வி. எங்கள் பெண் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பழைய கார் ஒன்று. சிரித்து முடித்த கையோடு ராணி கேட்டாள்: "ஊருக்கெல்லாம் சொல்லித் தரீங்க, எனக்கு எப்ப?"

நான் பல வருஷமாக 'அடுத்த ஞாயிறு' என்று சொல்லித் தப்பித்து வந்த கேள்வி அது. ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவளை மத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போவது நான். மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு, தங்கை வீட்டு விசேஷத்துக்கு, எல்லாவற்றுக்கும் நான். "ஏங்க, கொஞ்சம் கொண்டுபோய் விடறீங்களா?" என்று அவள் கேட்கிற அந்த ஒரு வார்த்தைக்காக நான் எந்த வகுப்பையும் தள்ளிப்போடுவேன். அவளே ஓட்டக் கற்றுக்கொண்டால் அப்புறம் என்னிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு தப்பிக்க முடியவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து சிப்காட் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ரோட்டுக்குப் போனோம். ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர, என் கை அதை விட்டு வரவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றும் முன்னே கத்தினேன், மாற்றிய பிறகும் கத்தினேன். ஒரு வளைவில் ஸ்டியரிங்கைப் பிடுங்கினேன். ராணி ஓரமாக வண்டியை நிறுத்தினாள். நான் சொல்லித் தராமலே ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். கீழே இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, அந்த வழியாக வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். ஏறுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னாள்: "வர்றவங்ககிட்ட எல்லாம் 'பரவால்ல மேடம், மெதுவா மேடம்'ங்கறீங்களே, உங்க பொண்டாட்டியா இருக்கறதுனால நான் மேடம் இல்லாம போயிட்டனா?"

பச்சை விழுந்தது

ஒரு மாதம் போல ஓடியிருக்கும். ராணி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் காலையில், என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பள்ளிக்கூட டீச்சர் விஜயாவுக்கு வகுப்பு. சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் மஞ்சுநாத்தின் கார் வந்து நின்றது. மேலே எல் போர்டு, உள்ளே கறுப்புக் கண்ணாடியோடு அவன். டிரைவர் சீட்டில் ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ நல்ல குஷியான பெண் போல என்று நினைத்தேன். அவள் திரும்பினாள். ராணி.

செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் அவளுக்குக் காலையில் வேலை இல்லை. வீட்டில் துணி துவைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சுநாத் ஏதோ சொன்னான், அவள் மறுபடியும் சிரித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் காரில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பாட்டுக் கேட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், மாங்காய் தின்றிருக்கிறாள், ஆனால் இந்த மாதிரி சிரிப்பு கிடையாது. நெஞ்சுக்குள் யாரோ மிளகாய்த் தூளைக் கொட்டிய மாதிரி இருந்தது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. மஞ்சுநாத்தின் கார் குலுங்காமல் கிளம்பிப் போனது. எங்கள் கார் மட்டும் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. பயிற்சி வண்டியில் என் கால் பக்கமும் ஒரு கிளட்ச் உண்டு. விஜயா டீச்சர் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு, வகுப்பில் பையனை எழுப்புகிற குரலில் சொன்னார்: "மாஸ்டர், நான் கிளட்ச்சை விட்டு ரொம்ப நேரமாச்சு, நீங்க எப்ப விடப்போறீங்க?"

சோற்றுத் தட்டுக்கு முன்னால்

வகுப்பை முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். ராணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். நான் தட்டைத் தொடவில்லை.

"யார் வண்டில போயிட்டு வந்த?"

"மஞ்சு வண்டில. நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பன்."

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா? எனக்கு நேர் எதிர்க் கடை. டிரைவிங் மாஸ்டர் பொண்டாட்டி அடுத்தவன்கிட்ட கத்துக்கறான்னா நாளைக்கு எவ எங்கிட்ட வருவா?"

"அதுதான் கோவமா? இல்ல, வேற கோவமா?"

இப்படி ஒரு கேள்வியை லைன் லீடரால்தான் கேட்க முடியும். "அவன்கிட்ட அப்பிடி என்ன சிரிப்பு?" என்று கேட்டே விட்டேன். கேட்ட பிறகு என் குரல் எனக்கே நாகராஜ் குரல் மாதிரி இருந்தது.

ராணி பையைத் தோளில் மாட்டினாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. எதிரே உட்கார்ந்து, என் தட்டை என் பக்கம் தள்ளினாள். "வண்டி ஆஃப் ஆயிடுச்சு, சிரிச்சன். உங்க வண்டில ஆஃப் ஆனா நான் அழுவணும். எனக்குச் சிரிச்சுக்கிட்டே கத்துக்கணும்னு ஆசையா இருந்துச்சு, அவ்வளவுதாங்க."

மஞ்சுநாத்தின் மனக்குறை

அப்படியும் எனக்கு ஆறவில்லை. அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று ரோட்டைக் கடந்து போனேன். மஞ்சுநாத் ஓசூர்க்காரன்தான், வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், போலீஸ்காரர் பிடித்தால் கன்னடம். என்னைப் பார்த்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பாவம் போல இருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணா, நானே வரணும்னு இருந்தன்" என்றான்.

என்ன விஷயம் என்றேன். முதல் நாளிலிருந்தே ராணியைத் தாங்கமுடியவில்லையாம். சைடு கண்ணாடி இப்படித் திருப்பணும் அக்கா என்று சொன்னால், எங்க வீட்டுக்காரர் வேற மாதிரி திருப்புவார் என்கிறாளாம். ரிவர்ஸுக்கு ஒரு முறை சொன்னால், அவர் தலையை முழுசாத் திருப்பிப் பார்ப்பார், கண்ணாடியை மட்டும் நம்பமாட்டார் என்கிறாளாம். மேம்பாலத்தில் ஏறும்போது, அவர் ஓட்டினா டீ டம்ளர்கூடச் சிந்தாது என்கிறாளாம். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. சண்டை போட வந்தவன் வாயை மூடிக்கொண்டு அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். அவன் ரொம்ப நொந்துபோய்ச் சொன்னான்: "என் பக்கத்துல உட்காந்துக்கிட்டு டெய்லி உங்கள மாதிரியே ஓட்டறாங்கண்ணா, அப்ப நான் எதுக்கு அந்த வண்டில?"

சுவர் ஓரத்தில்

டெஸ்ட் நாளில் புருஷன்மார்கள் நிற்பதற்கென்றே மைதானத்தில் ஒரு சுவர் ஓரம் உண்டு. யாரும் சொல்லி ஏற்பட்ட ஏற்பாடு இல்லை. எல்லோரும் தானாக அங்கே போய் நின்று நகம் கடிப்பார்கள். நான் எப்போதும் பிரேக் இன்ஸ்பெக்டர் நிற்கிற பக்கம்தான் நிற்பேன். அன்றைக்கு என் மாணவிகளை அனுப்பிவிட்டு, என்னை அறியாமல் அந்தச் சுவருக்குப் போய்விட்டேன். ராணி மஞ்சுநாத்தின் காரில் ஏறினாள். நேராகப் போனாள், திரும்பினாள். ரிவர்ஸ் எடுக்கும்போது தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். சுவர் ஓரத்தில் என் தலையும் கூடவே திரும்பியது.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ராணி இறங்கி வந்து மஞ்சுநாத்துக்குக் கைகூப்பினாள். அப்புறம் கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னைச் சுவர் ஓரத்தில் பார்த்ததும் நின்ற இடத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். லைனில் ஒரு வேலை சுத்தமாக முடிந்தால் காட்டுவாளாமே, அந்த மாதிரி. நானும் காட்டினேன். பக்கத்தில் நின்றவர் ஆசையாகக் கேட்டார், உங்க ஸ்டூடண்ட்டா சார் என்று. இல்லைங்க, என் சம்சாரம் என்றேன். அவர் என் சட்டைப் பையில் தைத்திருந்த டிரைவிங் ஸ்கூல் பெயரைப் படித்தார், மஞ்சுநாத்தின் காரில் எழுதியிருந்த பெயரைப் படித்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "ஏன் சார், உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?"

சூளகிரியில் டீ

லைசென்ஸ் வந்த அடுத்த ஞாயிறு காலையில் ராணி கார் சாவியைக் கையில் எடுத்தாள். மத்தூருக்குத் தங்கையைப் பார்க்கப் போகிறாளாம். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீங்க எங்கங்க?"

"நானும் வரன். சும்மா பக்கத்துல உட்காந்துக்கறன். பேசக்கூட மாட்டன்."

"இன்னிக்கு நான் மட்டும் போறன். அடுத்த தடவை சேந்து போலாம்."

"எம்மேல என்ன கோவம்?"

அவள் காரைச் சுற்றி வந்து என் எதிரே நின்றாள். "கோவம் இல்லீங்க. காலைல கம்பெனி பஸ் கூட்டிட்டுப் போவுது, லைன்ல பெல் அடிச்சா எந்திரிக்கறன், ஞாயித்துக்கிழமை நீங்க கூட்டிட்டுப் போறீங்க. எங்க நிக்கணும், எப்ப கெளம்பணும்னு நானா ஒரு தடவை முடிவு பண்ணிப் பாக்கணும். உங்கள விட்டுட்டுப் போவல, திரும்பி உங்ககிட்டதான் வரன்."

போய்விட்டாள். நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகள் எப்படி வரும் என்று நினைத்தேன். அந்தப் பயம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, நன்றாகத்தான் ஓட்டுவாள். அதற்குப் பின்னால் வந்ததுதான் பொல்லாதது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலைமுடி பறக்க, அவள் பாட்டுக்குச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருப்பாள், அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மஞ்சுநாத் மேல் பட்ட பொறாமைகூடப் பரவாயில்லை, அதற்கு ஒரு ஆள் இருந்தான். இதற்கு ஆளே இல்லை. யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது?

போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதீங்க மேடம் என்று தினமும் சொல்கிறவன், எடுக்காததற்குக் கோபப்பட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அப்புறம் அவளே கூப்பிட்டாள். பின்னால் பஸ் சத்தமும், பாத்திரச் சத்தமும். சூளகிரியில் ஓரமாக நிறுத்தி டீக்கடையில் நிற்கிறாளாம். என்னாச்சு, வண்டி சூடாயிடுச்சா, டயர் போச்சா என்று கத்தினேன். "ஒண்ணும் ஆவலங்க. குடிக்கணும்னு தோணுச்சு, நிறுத்தினன். இத்தினி வயசுல இப்பதான் தனியா ஒரு டீ குடிக்கறன். அம்புட்டு நல்லா இருக்குது."

அணைக்கட்டு மீன்

சாயங்காலம் ராணி திரும்பினாள். முகம் வெயிலில் கறுத்து, பளபளவென்று இருந்தாள். அப்புறம் பேசினாள் பாருங்கள். டீக்கடைக்காரம்மா சொன்ன கதை, வழி மறித்த ஆட்டு மந்தை, கிருஷ்ணகிரி தாண்டி வழி தவறினது, தானே கண்டுபிடித்துத் திரும்பினது, தங்கை வீட்டுக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, அவர் எங்கே, அவர் எங்கே என்று டிக்கியைக்கூடத் திறந்து பார்த்தது. சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேசினாள். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போய், சேர்ந்தே திரும்பி, ஒருத்தருக்கொருத்தர் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறோம். அன்றைக்கு அவள் பேசப் பேச, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தாலும் பொறாமை குறையவில்லை. அவளிடம் ஒரு நாள் முழுக்கக் கதை இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது?

அடுத்த விடுமுறையில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராணிக்கு அன்றைக்கு ஓவர்டைம். நான் தனியாகக் கிளம்பிக் கிருஷ்ணகிரி அணைக்கட்டுக்குப் போனேன். தண்ணீரைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் காட்டிப் பேச ஆள் இல்லாமல் கை காலெல்லாம் அந்நியமாக இருந்தது. அப்புறம் கடையில் எண்ணெயில் பொரியப் பொரிய மீன் வாங்கி, கரையில் உட்கார்ந்து, அவசரப்படுத்த யாரும் இல்லாமல் முள்ளைப் பொறுமையாக எடுத்துத் தின்றேன். அப்போதுதான் அவள் குடித்த டீயின் ருசி எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து நானும் கதை சொல்லலாம் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். அணை என்றதும் ராணியின் கை நின்றது. மீன் என்றதும் நிமிர்ந்தாள்.

"யார் கூட?"

"தனியாத்தான்."

"தனியாவா? தனியா என்ன பண்ணீங்க அங்க?"

"சும்மா உட்காந்திருந்தன். காத்து நல்லா இருந்துச்சு. நானா முடிவு பண்ணி..."

முடிக்க விடவில்லை. லைன் முழுவதையும் ஒற்றை விரலில் நிமிர்த்துகிற ஜெயராணி, என் சட்டையைக் கிட்டே இழுத்து மோந்து பார்த்தாள். பொரித்த மீன் வாசனை இன்னும் போகவில்லை. அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. பைக்கை ஆஃப் பண்ணாமல் நிற்கிறவர்கள் முகத்தில் நான் தினமும் பார்க்கிற அதே சிரிப்பு.

"அது எப்பிடிங்க, எனக்கு ஒரு துண்டு கூட எடுத்து வெக்காம உங்களுக்கு எறங்குச்சு?"

ஆக, சேர்ந்து போனால் அலுப்பு, தனியாகப் போனால் பொறாமை என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பொறாமையை ஒருத்தரே சுமக்க வேண்டாமென்று தனியாகப் போய்வர ஆளுக்கு ஒரு மாதமாக முறை வைத்துக்கொண்டு நாங்கள் சந்தோஷமாகக் குடும்பம் நடத்திவருகிறோம்.